உறங்கும் வித்தும் சாயத்தின் சாட்சியும்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்க்கு ரப்பர் விதையை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. வெயில் ஏறிய நண்பகலில் மரத்தின் உச்சியிலே காய் படாரென வெடிக்கும். புள்ளியிட்ட விதைகள் லயத்து முற்றம் வரையிலும் தெறித்து விழும். இரண்டு விதைகளை உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தி, எது முதலில் உடைகிறது என்று பந்தயம் கட்டி விளையாடாத தோட்டத்துச் சிறுவர் அந்நாளில் அரியர்.

இவ்விதைக்கு ஒரு பெருங்குறை உண்டு. விழுந்த சில வாரங்களுக்குள் முளைத்தால் முளைத்தது. இல்லையேல் அதன் உயிர் போய்விடும். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை நூற்றுக்கு நான்கு என்னும் அளவினவே. பிழைத்தவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் ரப்பர் வரலாறு அங்கே தொடங்குகிறது.

அதே 1876-இல், ஜெர்மானியப் பேரரசின் கிழக்குக் கோடியில் இருந்த வொல்ஸ்டைன் என்னும் சிற்றூரில், ராபர்ட் கோக் என்னும் இளம் மருத்துவர் முற்றிலும் வேறானதொரு வித்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாட்டின் கண்ணிலிருந்து எடுத்த தெளிநீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் நோயின் கிருமிகளை அதில் விட்டு, இளஞ்சூட்டில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் மணிக்கணக்காகப் பார்த்தார். கோல் போன்ற கிருமிகள் நீண்டு நூலாயின. நூலுக்குள் மணி கோத்ததுபோல ஒளிரும் புள்ளிகள் தோன்றின. நூல் கரைந்து புள்ளிகள் எஞ்சின. புதிய தெளிநீரில் அப்புள்ளிகளை இட்டபோது அவை மீண்டும் கோல்களாயின. பாக்டீரியாவின் வித்து முளைப்பதை, நோயோடு தொடர்புபடுத்தி, மனிதன் கண்ணாரக் கண்டது அப்பொழுதுதான்.

ரப்பர் விதையோ சில வாரங்களில் மடிகிறது. கோக் கண்ட வித்தோ மண்ணுக்குள் பல்லாண்டு உறங்கி, தக்க நேரத்தில் விழித்தெழுகிறது. அது எப்பொழுது உறங்குகிறது, எப்பொழுது விழிக்கிறது என்பதைக் கண்டறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஆய்வுக்கூடம் கண்ட எளிய விடை சாயம். உறங்கும் வித்து சாயத்தை ஏற்க மறுக்கும். விழித்த வித்து அதனை ஏற்றுக்கொள்ளும். கால்நடை மருத்துவம் முதல் வீட்டுச் சோற்றுப்பானை வரையில் பல காப்புமுறைகள் இவ்வேறுபாட்டின் மீதே நிற்கின்றன.

வித்து என்பது யாது?

ஆங்கிலத்தில் ஸ்போர் எனப்படுவதைத் தமிழில் வித்து என்பர். இலங்கைப் பாடநூல்கள் வித்தி என்கின்றன. பெயரால் மரத்தின் விதையை நினைவூட்டினும் தொழிலால் இது வேறுபட்டது. ஒரு மரம் ஆயிரம் விதைகளைத் தரும். பாக்டீரியாவிலோ ஓர் உயிரணு தன்னுள் ஒரே ஒரு வித்தையே உண்டாக்குகிறது. அவ்வித்து முளைத்து மீண்டும் ஒரே ஓர் உயிரணுவாகிறது. எண்ணிக்கை பெருகுவதில்லை. ஆகவே இவ்வித்து இனப்பெருக்கத்திற்கு உரியதன்று, பிழைத்திருப்பதற்கு உரியது.

எல்லாப் பாக்டீரியாக்களும் வித்து உண்டாக்குவதில்லை. பாசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் ஆகிய இனங்களும் அவற்றைச் சார்ந்த சிலவுமே இத்திறம் வாய்ந்தவை. உணவு அருகியவுடன் உயிரணு தன்னுள் ஒரு சுவர் எழுப்பி, தன் மரபுப் பொருளின் ஒரு படியை அச்சுவருக்குள் வைத்து, சில மணி நேரத்தில் வித்தாகக் கட்டி முடிக்கிறது. பின்னர்த் தாயணு சிதைந்து போகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேயுள்ள வித்து மட்டும் எஞ்சுகிறது.

இதன் அமைப்பைத் தேங்காயோடு ஒப்பிட்டு அறியலாம். வெளியே மட்டைபோலப் புரதத்தாலான பல அடுக்கு உறை. அதனுள் சிரட்டைபோலப் புறணி என்னும் தடித்த சுவர். அதற்கும் உள்ளே மெல்லிய சவ்வு. நடுவில் மரபுப் பொருளைத் தாங்கிய கரு. ஆனால் தேங்காயின் நடுவே நீர் நிறைந்திருக்கிறது. வித்தின் நடுவிலோ நீர் குறைவு. வளரும் பாக்டீரியாவின் எடையில் நூற்றுக்கு 80 பங்களவு நீர். உறங்கும் வித்தின் கருவில் 25 முதல் 55 பங்கு வரையிலே. நீர் இருக்க வேண்டிய இடத்தைக் கால்சியத்தோடு இணைந்த டைபிக்கோலினிக் அமிலம் என்னும் பொருள் நிரப்பி நிற்கிறது. வித்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இதுவே. இப்பொருளை வித்தில் கண்டறிந்து 1953-இல் வெளியிட்டவர் ஜோன் பவல் என்னும் அம்மையார்.

நீர் வற்றிய இக்கரு வெப்பத்திற்கும் வறட்சிக்கும் கிருமிநாசினிகள் பலவற்றிற்கும் எளிதில் அடங்காது. ஸ்காட்லாந்தை ஒட்டிய குருயினார்டு தீவில் 1942-லும் 1943-லும் பிரிட்டிஷ் அரசு ஆந்த்ராக்ஸ் வித்துக்களை வெடித்துச் சோதனை செய்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அத்தீவின் மண்ணில் உயிருள்ள வித்துக்கள் இருந்தன. 1986-இல் பார்மால்டிஹைடு கரைசலை மண்ணில் பாய்ச்சிய பின்பே, 1990-இல் அத்தீவு தீங்கற்றது என அறிவிக்கப்பட்டது.

சாயம் ஏன் ஏறுவதில்லை?

பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. தண்ணீரில் கிடக்கும் கண்ணாடித் துண்டைப்போல அவற்றைக் காண்பது அரிது. துணிக்கு இடும் சாயங்கள் இக்குறையைப் போக்கின. ஹைன்ரிக் காரோ என்னும் ஜெர்மானிய வேதியியலார் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை ஆக்கியதும் அதே 1876-ஆம் ஆண்டில்தான். மறு ஆண்டு கோக், பாக்டீரியாக்களைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக உலர்த்தி, சாயம் ஏற்றி, நிழற்படமும் எடுக்கும் முறைகளை வெளியிட்டார். ஆய்வுக்கூடத்திற்குச் சாயத்தொழில் அளித்த கொடை இது.

இச்சாயங்களுள் பல நேர்மின் தன்மை உடையவை. உயிரணுவுக்குள் இருக்கும் மரபுப் பொருள் எதிர்மின் தன்மை உடையது. ஆகவே வளரும் பாக்டீரியாவின் மீது மெத்திலீன் நீலத்தை ஊற்றினால் ஒரு நிமிடத்திற்குள் சாயம் உட்சென்று பற்றிக்கொள்ளும். உறங்கும் வித்திலோ உறையும் புறணியும் உட்சவ்வும் சேர்ந்து வழியை மறிக்கின்றன. சாயம் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட சாயமுறை இன்றும் மருத்துவக்கூடங்களில் அன்றாடம் பயன்படுகிறது. அம்முறையில் பாசில்லஸ் கோல்கள் ஊதா நிறம் பெறும். அவற்றின் நடுவிலோ முனையிலோ உள்ள வித்து மட்டும் நிறமற்ற வெற்றிடமாகத் தோன்றும். இசிவு நோயை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனியில் வித்து ஒரு முனையில் உருண்டு பருத்திருப்பதால், அக்கிருமி முரசடிக்கும் கோலைப்போலக் காட்சி தரும். பயிலாத கண்ணுக்கு அவ்வெற்றிடம் ஒரு குறைபோலத் தோன்றும். பயின்ற கண்ணுக்கோ அதுவே செய்தி.

சூட்டால் ஏற்றும் சாயம்

குளிர்ந்த சாயத்தை மறுக்கும் வித்து சூடான சாயத்திற்கு இணங்கும். வெப்பம் உறைகளை இளக்கிச் சாயத்தை உள்ளே செலுத்துகிறது. ஆறியபின் அதே உறைகள் சாயத்தை வெளியே விடாமல் காக்கின்றன. நுழைவதற்கு அரிய கோட்டை வெளியேறுவதற்கும் அரிதாகிறது. வித்துச் சாயமுறைகள் பலவற்றின் அடிப்படை இதுவே.

காசநோய்க் கிருமியைக் காட்டுவதற்காக 1882-83-ஆம் ஆண்டுகளில் சீல், நீல்சன் ஆகியோர் வகுத்த கார்பால் புக்சின் என்னும் செஞ்சாயம் வித்துக்களுக்கும் பயன்பட்டது. 1922-இல் டார்னர் என்பவர், வித்தைச் செந்நிறமாக்கியபின் நைக்ரோசின் என்னும் கருஞ்சாயத்தைப் பின்புலமாகப் பூசும் முறையை வகுத்தார். கரும்பலகையில் செம்பொட்டு இட்டதுபோல வித்து அதில் தெளிவாகத் தோன்றும்.

இன்று கல்லூரிகளில் பெருவழக்காக இருப்பது ஷேபர், புல்டன் ஆகிய இருவரும் 1933-இல் வெளியிட்ட எளிய முறை. மலக்கைட் பச்சை என்னும் சாயம் இதில் பயன்படுகிறது. மலக்கைட் என்பது செம்பு கலந்த பச்சைக் கல். நிறத்தால் ஒத்ததனாலேயே சாயத்திற்கு அப்பெயர் வந்தது. சாயத்தில் செம்பு இல்லை.

செய்முறை வருமாறு: சில நாள் முதிர்ந்த பாசில்லஸ் வளர்ப்பிலிருந்து சிறிதளவு எடுத்து, துளி நீரில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி உலர்த்த வேண்டும். சுடரில் மெல்லக் காட்டிப் படலத்தை நிலைப்படுத்த வேண்டும். பின்பு மலக்கைட் பச்சைக் கரைசலால் மூடி, கொதிநீராவியின் மேல் ஏறத்தாழ ஐந்து நிமிடம் வைத்தல் வேண்டும். சாயம் ஆவியெழச் சூடாகலாம். கொதிக்கலாகாது, வற்றவும் கூடாது. வற்றும் தறுவாயில் மேலும் சாயம் விட வேண்டும். தகடு ஆறியபின் குழாய் நீரில் அரை நிமிடம் கழுவ வேண்டும். கோல்களில் ஏறிய பச்சை நீரோடு போய்விடும். வித்துக்களில் ஏறியது நிற்கும். இறுதியாக, சஃப்ரனின் என்னும் செஞ்சாயத்தை அரை நிமிடம் இட்டுக் கழுவி உலர்த்தினால் போதும். நுண்ணோக்கியில் கோல்கள் சிவப்பாகவும் வித்துக்கள் பச்சையாகவும் தோன்றும்.

மலக்கைட் பச்சை நச்சுத்தன்மை உடையது. கையுறையின்றி அதனைத் தொடுதலும், அதன் ஆவியை முகர்தலும் ஆகா. பள்ளியில் இச்சோதனையைச் செய்வோர் தீங்கற்ற பாசில்லஸ் வகையையே எடுத்தல் வேண்டும்.

விழிக்கும் கணம்

இதுவரை கூறியவை உறங்கும் வித்தைக் காட்டும் முறைகள். அது விழிப்பதைக் காண்பதற்கு இதே வேறுபாட்டை எதிர்ப்புறமாகப் பயன்படுத்த வேண்டும். சூடாக்காமல் சாயமிட்டால் உறங்கும் வித்து நிறமற்றே இருக்கும். முளைக்கத் தொடங்கியதோ நீலமாகும். மறுப்பு ஏற்பாக மாறும் அக்கணமே விழிப்பின் அடையாளம்.

வித்தின் விழிப்பில் மூன்று படிகள் உண்டு. முதலாவது தூண்டல். தூய்மை செய்த வித்துக்களை 70 டிகிரி செல்சியஸ் அளவில் அரைமணி நேரம் வைத்தால், அவற்றின் உறக்கம் சற்றே இளகி, பின்னர் விரைவாக முளைக்கும். பிற உயிர்களைக் கொல்லும் வெப்பம் இவற்றைத் தட்டி எழுப்புகிறது என்பது வியப்பிற்குரியது. இரண்டாவது முளைத்தல். உணவு வந்துவிட்டது என்பதற்குரிய குறிப்பு கிடைத்தவுடன் கதவுகள் திறக்கின்றன. பாசில்லஸ் இனத்தில் அக்குறிப்பு பெரும்பாலும் எல்-அலனின் என்னும் அமினோ அமிலம். அதன் கண்ணாடிப் பிம்பம் போன்ற டி-அலனின் விழிப்பைத் தூண்டாததோடு தடுக்கவும் செய்கிறது. வலக்கைக்கு உரிய கையுறை இடக்கைக்குப் பொருந்தாதவாறே இதனைக் கொள்ளலாம். மூன்றாவது வளர்ந்தெழுதல், வித்து உறையைக் கிழித்துக் கோலாகி, பின் இரண்டாகப் பிரியும்.

இவற்றுள் இரண்டாம் படியே சாயத்தின் களம். குறிப்பு கிடைத்த சில நிமிடங்களில் கால்சியமும் டைபிக்கோலினிக் அமிலமும் வெளியே பாய்கின்றன. அவ்விடத்தில் நீர் புகுகிறது. புறணி கரைகிறது. கரு பருத்து மென்மையாகிறது. வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் போகிறது. சாயம் உள்ளே செல்ல வழி பிறக்கிறது. இவை அனைத்தும் புதிய உயிர்ப்பொருள் எதுவும் ஆக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிகின்றன. வித்து தன் கவசத்தை முதலில் கழற்றிவிட்டு, பிறகே வாழத் தொடங்குகிறது.

இதனை அளக்கும் முறை எளிது. தூண்டிய வித்துக்களை எல்-அலனின் கலந்த நீரில் இட்டு, 37 டிகிரி இளஞ்சூட்டில் வைத்தல் வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை துளியெடுத்துத் தகட்டில் பரப்பிக் காற்றில் உலர்த்த வேண்டும். இங்கே மிகுசூடு காட்டலாகாது. சூடு மிகுந்தால் உறங்கும் வித்தும் சாயம் ஏற்றுப் பொய்ச்சாட்சி சொல்லும். பின்னர்க் குளிர்ந்த மெத்திலீன் நீலத்தை ஒரு நிமிடம் இட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு தகட்டிலும் நூறு வித்துக்களை எண்ணி, நீலமானவை எத்தனை எனக் குறித்தால், நேரம் செல்லச் செல்ல விழித்தவற்றின் விழுக்காடு ஏறுவதை வரைபடமாக்கலாம். மலக்கைட் பச்சை முறையைக் கையாண்டாலும் இதனைக் காணலாம். உறங்குபவை பச்சையாக நிற்கும். விழித்தவை பச்சையை இழந்து சிவக்கும்.

சாயமே இன்றிக் காணவும் வழியுண்டு. பிரிட்ஸ் செர்னிக்கி என்னும் டச்சு அறிஞருக்கு 1953-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில், உறங்கும் வித்து வெள்ளி மணிபோல ஒளிரும்; விழித்தவுடன் மங்கிக் கருக்கும். ஒரே வித்து மாறுவதைத் தொடர்ந்து பார்க்க இதுவே ஏற்றது. வெளிவரும் டைபிக்கோலினிக் அமிலத்தோடு டெர்பியம் என்னும் தனிமம் சேர்ந்து பச்சை ஒளி உமிழ்வதைக் கொண்டு அளக்கும் முறையும் இன்று உண்டு. எனினும் ஒரு புட்டிச் சாயமும் ஒரு சாதாரண நுண்ணோக்கியும் மட்டுமே உள்ள இடத்தில் பழைய முறைக்கு ஈடில்லை.

சாயம் சொல்லாதவை

சாட்சி நல்லதாயினும் அது அறிந்ததை மட்டுமே கேட்க வேண்டும். வித்து எந்நிலையில் உள்ளது என்பதையே சாயம் சொல்லும். உயிர் உண்டா இல்லையா என்பதைச் சொல்லாது. இறந்த வித்தும் பச்சை நிறம் ஏற்கக்கூடும். கொழுப்புத் துகளும் சாயத்தூசியும் பயிலாத கண்ணுக்கு வித்தாகத் தோன்றும். ஒரு கூட்டத்தில் எல்லா வித்துக்களும் ஒன்றாக விழிப்பதும் இல்லை; பெரும்பான்மை சில நிமிடங்களில் எழ, சில மட்டும் மணிக்கணக்காக, நாட்கணக்காகவும் உறங்கிக் கிடக்கும். தகட்டில் அவை கண்ணுக்குப் படாமலே போகலாம்.

ஆகவே சாயத்தோடு வேறு சான்றும் வேண்டும். ஒரு பங்கினை 80 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்தால் விழித்தவை மடியும், உறங்குபவை பிழைக்கும். அதனை வளர்ப்புத் தட்டில் இட்டு, எழும் குடியிருப்புகளை எண்ணினால் உறங்கியவற்றின் தொகை தெரியும். சாயத்தின் கணக்கும் தட்டின் கணக்கும் ஒத்து வரும்போதே முடிவு உறுதியாகும்.

மருத்துவமனைகளில் கருவிகளை அவிக்கும் ஆட்டோகிளேவ் கலம் சரிவர வேலை செய்கிறதா என்பதையும் வித்தைக் கொண்டே சோதிக்கின்றனர். வெப்பத்தை மிகவும் தாங்கவல்ல ஒரு வகையின் வித்துக்கள் தோய்ந்த தாளை உள்ளே வைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் போன்ற உரிய கால அளவுக்கு அவித்தபின், உணவுக் கரைசலில் இட்டு வைப்பர். வித்து முளைத்தால் கரைசலின் நிறம் மாறும். மாறினால் அன்று அவித்த கருவிகளை நம்பலாகாது. வேறு எதுவும் பிழைக்காத இடத்தில் வித்து பிழைக்குமாதலின், அதன் மரணமே தூய்மைக்குச் சான்றாகிறது.

ஈப்போவும் இக்கலையும்

சாயக்கலையோடு ஈப்போ நகருக்கு நெருங்கிய உறவு உண்டு. பினாங்கில் 1879-இல் பிறந்த டாக்டர் வூ லியன் தே 1910-ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்தார். இறந்த ஒருவரின் உடலிலிருந்து எடுத்த திசுக்களில் மெத்திலீன் நீலத்தை ஏற்றி, அது பிளேக் நோயே என்று காட்டினார். 1937-இல் மலாயா திரும்பிய அவர் ஈப்போவில் பல்லாண்டு மருத்துவத் தொழில் புரிந்தார். பிளேக் கிருமி வித்து உண்டாக்காதது; ஆகவே குளிர்ந்த சாயத்தை உடனே ஏற்றது. அக்கிருமி வித்து உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்ததாயிருந்தால், ஹார்பினின் மண்ணும் பிணங்களும் நெடுங்காலம் அச்சத்திற்கு உரியனவாக நின்றிருக்கும்.

கால்நடை நோய்களை ஆராயவும் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கவும் 1948-இல் ஈப்போவில் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. தோட்டத் தமிழருக்கு இத்தகைய கழகத்தின் பணி வாழ்வோடு ஒட்டியது. பால்வெட்டு முடிந்து பிற்பகலில் மாட்டுக்குப் புல் அறுப்பதும், பால் கறந்து விற்றுக் குடும்பச் செலவை ஈடுகட்டுவதும் லயத்து வாழ்க்கையின் பகுதியாக இருந்தன. ஒரு பசுவின் சாவு ஒரு குடும்பத்தின் சேமிப்பின் சாவு.

மாடு திடீரென மாண்டு, மூக்கிலும் வாயிலும் உறையாத கருங்குருதி வடிந்தால் அடைப்பான் நோயோ என ஐயுற வேண்டும். அந்நிலையில் பிணத்தை அறுக்கலாகாது என்பது உலகெங்கும் கால்நடை மருத்துவர் வற்புறுத்தும் விதி. இதன் காரணம் வித்தின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது. மாட்டின் குருதியில் இருப்பவை கோல்களே, வித்துக்கள் அல்ல. வித்து உண்டாவதற்குக் காற்று வேண்டும். பிணம் மூடியிருந்தால் அழுகலில் தோன்றும் பிற கிருமிகள் சில நாட்களில் அக்கோல்களை அழித்துவிடும். கத்தி வைத்தவுடன் குருதி காற்றில் படுகிறது, கோல்கள் வித்துக்களாகின்றன, மேய்ச்சல் நிலம் தலைமுறைக்கு நஞ்சாகிறது.

பிணத்தை அறுக்காமலே நோயை அறியும் வழியைச் சாயம் தந்தது. காதின் நரம்பில் ஊசியால் எடுத்த ஒரு துளிக் குருதி போதும். அதனைத் தகட்டில் பரப்பி, நாட்பட்டு முதிர்ந்த மெத்திலீன் நீலத்தை இட்டால், நீலக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பான போர்வை தோன்றும். ஜான் மெக்பேடியன் என்னும் பிரிட்டிஷ் கால்நடை அறிஞர் 1903-இல் வெளியிட்ட இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

இந்நோயைத் தடுப்பதும் வித்தே என்பது சுவையான செய்தி. தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் 1930-களில் கண்டெடுத்த ஆந்த்ராக்ஸ் வகை ஒன்று போர்வை உண்டாக்கும் ஆற்றலை இழந்தது. ஆகவே கொல்லும் வலிமை குன்றியது. அதன் உயிருள்ள வித்துக்களே மாட்டுக்குத் தடுப்பூசியாகின்றன. தமிழ்நாட்டில் 1932-இல் தோன்றிய இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆந்த்ராக்ஸ் வித்துத் தடுப்பூசியை உற்பத்தி செய்யும் நிலையங்களுள் ஒன்று. ஊசி வழியே சென்ற வித்து மாட்டின் உடலில் முளைத்தால்தான் எதிர்ப்பாற்றல் பிறக்கும். ஆகவே தடுப்பூசி போடும் நாளில் கிருமிக்கொல்லி மருந்துகளை மாட்டுக்குக் கொடுக்கலாகாது. விழித்த வித்து வேலை செய்வதற்கு முன்பே மடிந்து, ஊசி வீணாகும்.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. 2025-ஆம் ஆண்டில் தாய்லாந்தின் வடகிழக்கே, லாவோஸ் எல்லையை ஒட்டிய முக்டஹான் மாநிலத்தில் ஆந்த்ராக்ஸ் நோயால் மனித உயிரிழப்பு நேர்ந்தது. மாட்டை அறுத்தலும் அதன் இறைச்சியைப் பங்கிட்டு உண்ணலும் அந்நோய்ப் பரவலோடு தொடர்புபடுத்தப்பட்டன. பேராக்கின் வட எல்லையும் தாய்லாந்தை ஒட்டியதே.

அடுக்களையில் ஒரு பாடம்

மாடு வளர்க்காத வீட்டிலும் சோறு ஆக்குகின்றனர். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துக்கள் இருத்தல் இயல்பு. கொதிக்கும் உலையில் அவற்றுள் பல மடிவதில்லை, தூண்டப்படுகின்றன. வடித்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் வித்துக்கள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அவற்றுள் வாந்தியை விளைவிக்கும் நஞ்சு மீண்டும் சுடவைப்பதால் அழிவதில்லை. விடியற்காலைப் பெரட்டுக்குப் போவதற்காக முன்னிரவிலேயே சமைத்து வைக்கும் பழக்கம் தோட்டங்களில் இருந்தது. இன்று தொழிற்சாலைக்கு வேலை முறைப்படி செல்வோர் வீடுகளிலும் இருக்கிறது. சோற்றை உண்ணும்வரை ஆவிபறக்கச் சூடாக வைத்தல் வேண்டும். அன்றேல் அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பே வித்துக்கு விடியல்.

இவ்வுண்மையை நன்மைக்கும் பயன்படுத்தலாம் என 1877-இல் காட்டியவர் ஜான் டின்டல் என்னும் அறிஞர். வைக்கோல் ஊறிய நீரைப் பலமுறை காய்ச்சியும் அதில் உயிர்கள் மீண்டும் தோன்றுவதைக் கண்டு அவர் முதலில் திகைத்தார். பின்னர் ஓர் உபாயம் கண்டார். ஒரே மூச்சில் நெடுநேரம் கொதிக்க வைப்பதை விடுத்து, சிறிது நேரம் காய்ச்சி, ஆறவிட்டு, மறுநாள் மீண்டும் காய்ச்சி, மூன்றாம் நாளும் அவ்வாறே செய்தார். முதல் கொதியில் பிழைத்த வித்துக்கள் இடைவேளையில் விழித்தன. விழித்தவை அடுத்த கொதியில் மடிந்தன. உறங்குகையில் வெல்லமுடியாத பகையை விழிக்கச் செய்து வெல்லும் முறை இது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் காட்டலாம். கிரியான் வட்டாரத்து வயல்களின் வைக்கோலோ, ஆலைக்கு அருகே கிடைக்கும் உலர்ந்த புல்லோ போதும். அதனை நீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வடிகட்டி, பஞ்சால் வாயடைத்து இரண்டு மூன்று நாள் வைத்தால் மேலே மெல்லிய ஏடு படியும். கொதிக்குத் தப்பிய வித்துக்களின் வழித்தோன்றல்களே அவ்வேட்டில் உள்ளன. பஞ்சைத் திறவாமலே மாணவர் அதனைப் பார்த்தறியலாம். சாயமிட்டுக் காண்பது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முறையாகச் செய்யத்தக்கது.

காயம்பட்ட காலுக்கும் இதே பாடம் பொருந்தும். ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ 1889-இல் இசிவுக் கிருமியைப் பிரித்தெடுத்தது வித்தின் வெப்பம் தாங்கும் ஆற்றலைக் கொண்டே. புண்ணின் சீழை 80 டிகிரியில் சூடாக்கினார். பிற கிருமிகள் மடிய, இசிவு வித்துக்கள் எஞ்சின. தோட்ட மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் அவ்வித்து, முள் குத்திய ஆழமான புண்ணில், காற்றுப் படாத இடத்தில் விழிக்கிறது. கையில் தேய்க்கும் சாராயக் கரைசல் வித்தைக் கொல்லாது. சோப்பும் ஓடும் நீரும் அதனை அகற்றும். தடுப்பூசியோ வித்தை ஒன்றும் செய்யாது. விழித்த கிருமி உமிழும் நஞ்சை முறிக்கும் ஆற்றலை உடலுக்குத் தரும்.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. மரமும் குடியும் மாறினும் அடியில் உள்ள மண் பழைய மண்ணே. அதில் எத்தனை வித்துக்கள் உறங்குகின்றன என்பதை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. ஆனால் அவை எப்பொழுது வலியவை, எப்பொழுது எளியவை என்பதை ஒரு துளி நீலச் சாயம் காட்டியிருக்கிறது. உறங்கும் வித்து நெருப்பையும் தாங்கும். விழித்த வித்து வெந்நீருக்கும் ஆற்றாது. அவிப்பதும், ஆற்றுவதும், அறுக்காமல் விடுவதும், ஊசி போடுவதும் இவ்வொன்றை அறிந்ததன் பயனே ஆகும்.